அண்ணன் மூளையில் வளையம் மாதிரி கட்டி, சிடி4 23. டாக்சோவா, டி.பி.யா, லிம்போமாவா?

வைகைக்கரை | 4 பிப்ரவரி, இரவு 11:52

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிக்க மட்டும் செய்வேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. ஊர், ஆஸ்பத்திரி பேரெல்லாம் கேக்காதீங்க.

என் அண்ணனுக்கு 41 வயசு. டைல்ஸ் ஒட்டுற வேலை. 2013-ல எச்.ஐ.வி. பாசிட்டிவ்னு தெரிஞ்சுது. ஏ.ஆர்.டி. சென்டர்ல மாத்திரை வாங்கிட்டுதான் இருந்தான். 2019-ல நிறுத்திட்டான்னு இப்பத்தான் மதினிக்கே தெரியும். ராத்திரி ஒரு மாத்திரை போட்டா காலையில கிறுகிறுன்னு வருதாம், கெட்ட கனவா வருதாம். சாரத்துல ஏறி நிக்கிறவன், விழுந்துடுவோம்னு பயந்து விட்டுட்டான். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு வீட்டுல பாத்ரூம் சுவரு டைல்ஸ் டிசைனைக் கோணல் மாணலா ஒட்டி வச்சிருக்கான். வீட்டுக்காரரு குடிச்சிருக்கான்னு சொல்லி விரட்டிட்டாரு. எங்க அண்ணன் குடிக்கவே மாட்டான். அப்புறம் பேச்சு குழற ஆரம்பிச்சுது. தண்ணின்னு சொல்லணும்னா "அது, அது"ன்னு கையைக் காட்டுவான். வலது கை தொங்கிடுச்சு. போன வியாழக்கிழமை வலிப்பு.

பக்கத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில எம்.ஆர்.ஐ எடுத்தாங்க. இடது பக்கம் 4.2 செ.மீ. ஒரே கட்டி, சுத்தி வளையம் மாதிரி, நடுவுல இருக்கிற பாலத்தைத் தொட்டுக்கிட்டு இருக்குன்னு எழுதியிருக்கு. அங்க இருந்த டாக்டரு "இது கேன்சர்தான்மா, இந்த நோயில வந்தா ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்கங்க"ன்னு நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டாரு. ஏதோ ஊசி போட்டு விட்டாங்க. இன்னிக்கு அரசு மெடிக்கல் காலேஜ்ல சேர்த்திருக்கோம். சிடி4 (எதிர்ப்பு சக்தி வெள்ளணு கணக்கு) 23-னு வந்திருக்கு.

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். ஸ்கேனைப் பாத்தே கேன்சர்னு சொல்ல முடியுமா?

பழையசோறு | 5 பிப்ரவரி, காலை 6:10

முடியாதும்மா. நானே சாட்சி. 2008-ல எனக்கும் தலைக்குள்ள வளையம். ஒண்ணு இல்ல, ஏழு. எனக்கும் இதே வசனம்தான் சொன்னாங்க, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க". வந்தது டாக்சோ. மாத்திரையிலேயே கரைஞ்சுது. இப்ப நான் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்து இதை எழுதுறேன்.

உங்க அண்ணனுக்கும் அதுதான்னு சொல்ல வரலை. எனக்கு ஏழு, அவருக்கு ஒண்ணு. அந்த வித்தியாசம் என்னன்னு படிச்சவங்க வந்து சொல்லட்டும்.

ராத்திரி டியூட்டி | 5 பிப்ரவரி, காலை 8:33

நான் ஸ்டாஃப் நர்ஸ். பதினோரு வருசம் நியூரோ வார்டு. தங்கச்சி, மொதல்ல ஒரு கேள்வி. தனியார்ல போட்ட ஊசி என்ன? டிஸ்சார்ஜ் சீட்டுல "டெக்ஸா"ன்னு ஆரம்பிக்கிற பேரு இருக்கா? வலிப்புக்கு என்ன மாத்திரை குடுத்தாங்க? அந்த ரெண்டு பேரையும் போட்டோ எடுத்து வச்சுக்க, வார்டு டாக்டர்கிட்ட கட்டாயம் காட்டு. ஏன்னு டாக்டர் யாராவது விளக்குவாங்க.

வளையம்னாலே கேன்சர் கிடையாது. நம்ம ஊர்ல அந்த மாதிரி வந்தா மொதல்ல டி.பி. கட்டியைத்தான் நினைப்போம்.

மரநிழல் | 5 பிப்ரவரி, இரவு 9:47

நான் பொது மருத்துவர், எச்.ஐ.வி. நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். உங்கள் அண்ணனை நான் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. எனவே பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

சிடி4 100-க்குக் கீழே போனவரின் மூளையில் வளையம் தெரிந்தால் முதலில் நினைப்பது டாக்சோபிளாஸ்மா. பெரும்பாலும் எப்போதோ சின்ன வயதில், சரியாக வேகாத இறைச்சி வழியாகவோ பூனை எச்சம் கலந்த மண் வழியாகவோ உள்ளே போய் உறங்கிக்கொண்டிருந்த கிருமி, காவல் தளர்ந்ததும் எழுந்துகொள்வது. பெரும்பாலும் பல கட்டிகளாக, மூளையின் ஆழத்தில் உள்ள முடிச்சுகளில் வரும். அடுத்தது டி.பி. கட்டி. மூன்றாவது, நீங்கள் பயப்படும் நிணநீர்ப் புற்றுநோய், அதாவது மூளையிலேயே தொடங்கும் லிம்போமா. இது பெரும்பாலும் சிடி4 50-க்கும் கீழே போன பிறகுதான் வருகிறது. ஒன்றோ இரண்டோ கட்டி, 4 செ.மீ.க்கு மேல், இரண்டு மூளைப் பாதிகளை இணைக்கும் பாலத்தில் படர்ந்திருந்தால் சந்தேகம் இந்தப் பக்கம் சாயும். சாயும், அவ்வளவுதான். ஒற்றைக் கட்டியாக டாக்சோவும் வரும், பல கட்டிகளாக லிம்போமாவும் வரும். எச்.ஐ.வி. இல்லாதவருக்கு இந்த லிம்போமா வந்தால் கட்டி முழுக்க ஒரே சீராக ஒளிரும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு நடுப்பகுதி அழுகிப்போவதால் ஓரம் மட்டும் ஒளிர்ந்து வளையமாகத் தெரியும். குழப்பமே அதனால்தான்.

ஆகவே படத்தை மட்டும் பார்த்து "கேன்சர்தான்" என்று சொன்னது தவறு. லிம்போமா என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்பது அதைவிடப் பெரிய தவறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது கேட்க வேண்டியவை: டாக்சோ ஐ.ஜி.ஜி. ரத்தப் பரிசோதனை, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைக்கான ஆன்டிஜென் சோதனை, நெஞ்சுப் படம், சளி. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் "டாக்சோதான்" என்று அர்த்தமில்லை, பழைய தொற்று உடம்பில் இருக்கிறது என்று மட்டுமே. ஆனால் நெகட்டிவ் என்றால் டாக்சோ பெரும்பாலும் அடிபட்டுப் போகும். அப்படியானால் பயாப்ஸியை (கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பதை) தள்ளிப் போடக் கூடாது.

வைகைக்கரை | 6 பிப்ரவரி, மாலை 5:20

அண்ணன் பேசிட்டான்!!! காலையில எந்திரிச்சு "டீ வாங்கிட்டு வா"ன்னு சொன்னான். வலது கையில டம்ளரைப் பிடிச்சான். மதினி அழுதே தீர்த்துட்டாங்க. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். நேத்துல இருந்து டாக்சோ மாத்திரை (செப்ட்ரான்தான், நிறைய டோஸ்) குடுக்கிறாங்க. அப்ப இது டாக்சோதானே? கேன்சர் இல்லதானே?

அக்கா கேட்ட பேரு: டெக்ஸாமெத்தசோன், நாலு நாளா போகுது. வலிப்புக்கு ஃபெனிடாயின்.

பழையசோறு | 6 பிப்ரவரி, மாலை 5:41

டீ கேட்டாரா! நல்ல சகுனம்மா. சக்கரை தூக்கலா வாங்கிக் குடு.

மரநிழல் | 6 பிப்ரவரி, இரவு 10:15

இந்த மகிழ்ச்சியில் மண்ணைப் போடுவதற்கு மன்னியுங்கள். சொல்லாமல் விட்டால் நாளை நீங்கள் ஏமாறுவீர்கள்.

டாக்சோ மருந்து ஒரே நாளில் வேலை செய்யாது. இந்த முன்னேற்றம் டெக்ஸா என்ற ஸ்டீராய்டால் வந்தது. அது கட்டியைச் சுற்றியுள்ள நீர்வீக்கத்தை வடியவைக்கும். கட்டி டாக்சோவாக இருந்தாலும் டி.பி.யாக இருந்தாலும் இப்படித்தான் எழுந்து உட்காருவார். லிம்போமாவாக இருந்தாலும்தான். லிம்போமாவில் இன்னொரு வேலையும் நடக்கும். ஸ்டீராய்டு அந்தப் புற்று செல்களையே நேரடியாகக் கொல்லும். கட்டி சில நாளில் உருகி, படத்தில் காணாமலேகூடப் போகும். மருத்துவர்கள் இதற்குப் "பேய்க் கட்டி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போனது போலப் போய் சில வாரங்களில் திரும்ப வரும். அந்த இடைவெளியில் பயாப்ஸி எடுத்தால் கையில் வருவது செத்த திசு. ஆய்வகத்தார் "ஒன்றும் சொல்ல முடியவில்லை" என்று எழுதுவார்கள்.

அதனால்தான் லிம்போமா சந்தேகம் உள்ள இடத்தில், மூளை அழுந்தி உயிருக்கு ஆபத்து என்ற நிலை இல்லாவிட்டால், திசு எடுக்கும்வரை ஸ்டீராய்டைத் தொடக் கூடாது என்பார்கள். உங்கள் அண்ணனுக்கு வலிப்போடு வீக்கமும் இருந்ததால் தனியாரில் கொடுத்திருக்கலாம். அதைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் டெக்ஸா தொடரும்வரை, இரண்டு வாரம் கழித்து எடுக்கும் படம் எதையும் நிரூபிக்காது. குறைத்து நிறுத்த முடியுமா என்று வார்டு மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஃபெனிடாயின் பற்றி: இப்போது எச்.ஐ.வி.க்கு அரசு தரும் கூட்டு மருந்தில் டொலுடெகிராவிர் இருக்கிறது. ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டோன் மூன்றும் அதன் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். லெவிடிராசெட்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மாற்றச் சொல்லிக் கேட்கலாம். இன்னொரு ஆறுதல், இந்தப் புதிய மாத்திரையில் பழைய எஃபவிரென்ஸ் இல்லை. சாரத்தில் ஏறுகிறவரைக் கிறுகிறுக்க வைத்தது அந்த எஃபவிரென்ஸ்தான்.

வைகைக்கரை | 6 பிப்ரவரி, இரவு 11:58

படிச்சிட்டேன் டாக்டர். மதினிகிட்ட இன்னும் சொல்லலை. அவங்க இன்னிக்கு ஒரு ராத்திரியாவது தூங்கட்டும்.

கொல்லிமலைச்சித்தன் | 7 பிப்ரவரி, காலை 7:02

[இந்தப் பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர் | 7 பிப்ரவரி, காலை 9:15

45 நாளில் எய்ட்ஸ், கேன்சர் இரண்டையும் குணமாக்கும் சூரணம், ஜி-பே எண்ணுடன். நீக்கிவிட்டோம். தனிச்செய்தியிலும் அவர் தொடர்பு கொண்டால் தெரிவியுங்கள்.

ஊர்சுத்தி | 7 பிப்ரவரி, மதியம் 1:30

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு ஒரு சந்தேகம். லிம்போமான்னா நெறி கட்டுறதுல வர்ற கேன்சர்தானே? கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. மூளையில நெறியே கிடையாதே, அங்க எப்படி வரும்? எச்.ஐ.வி. கிருமியே கேன்சரா மாறிடுமா?

சோதனைக்குழாய் | 7 பிப்ரவரி, இரவு 8:48

லேப்காரன் பதில் சொல்றேன். நல்ல கேள்விதான்.

எச்.ஐ.வி. கேன்சரா மாறாது. அது காவல்காரனை அடிச்சுப் போடும், திருடன் வேற ஆளு. அந்தத் திருடன் பேரு எப்ஸ்டீன்-பார் வைரஸ். 1964-ல கண்டுபிடிச்சாங்க. உகாண்டாவுல டெனிஸ் பர்கிட்னு ஒரு சர்ஜன், சின்னப் பிள்ளைங்க தாடையில வர்ற கட்டியைப் பத்தி எழுதினாரு. அந்தக் கட்டித் துணுக்கு லண்டனுக்குப் போச்சு. அங்க ஆண்டனி எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் ஆச்சாங் மூணு பேரும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பாத்தப்ப அதுக்குள்ள வைரஸ் இருந்துச்சு. மனுசனுக்குக் கேன்சர் வரவைக்கிற வைரஸ்னு முதல்ல பிடிபட்டது இதுதான்.

இந்த வைரஸ் உங்க உடம்புல இருக்கு, என் உடம்புலயும் இருக்கு. வளர்ந்தவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல இருக்கு. எச்சில் வழியா சின்ன வயசுலேயே வந்துடும். ரத்தத்துல பி செல்லுன்னு ஒரு வெள்ளணு, அதுக்குள்ள சத்தம் போடாம குடியிருக்கும். வெளிய தலை நீட்டினா டி செல்லு அடக்கி வச்சிடும். சிடி4 எண்ணிக்கை தரைமட்டமான பின்னாடி அடக்க ஆளில்லை. பி செல்லு இஷ்டத்துக்குப் பெருகும். மூளையில நெறி இல்லைங்கிறது உண்மை, ஆனா ஊர் சுத்துற பி செல்லு அங்கயும் போகும் (உங்க பேருக்கு ஏத்த செல்லு). எச்.ஐ.வி. உள்ளவங்களுக்கு வர்ற மூளை லிம்போமாவுல கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இந்த வைரஸ் இருக்கும். எச்.ஐ.வி. இல்லாதவங்களுக்கு அதே நோய் வந்தா பெரும்பாலும் இருக்காது.

அதனால முதுகுத் தண்டுல தண்ணி எடுத்து, அதுல இந்த வைரஸோட டி.என்.ஏ. இருக்கான்னு பி.சி.ஆர். பாக்கலாம். இருந்தா சந்தேகம் பலமாகும். ஆனா தலைக்குள்ள பெரிய கட்டி அழுத்திக்கிட்டு இருக்கிறப்ப முதுகுல ஊசி குத்தினா மூளை கீழ இறங்கிடுற ஆபத்து இருக்கு. டாக்டருங்க வேணாம்னு சொன்னா அதுதான் காரணம்.

ராத்திரி டியூட்டி | 8 பிப்ரவரி, அதிகாலை 3:20

லேப்காரர் திருடன் கதை சொன்னதும் பழசு ஞாபகம் வருது.

நான் பயிற்சிக்கு வந்தது 1999. அப்ப இந்த மாதிரி ஆளுங்களுக்கு எம்.ஆர்.ஐ எடுக்கிறதே அபூர்வம். கை கால் விழுந்து, பேச்சு போயி வருவாங்க. கேஸ் ஷீட்டுல ஒரே வரி. டாக்சோ மாத்திரை குடுப்போம். எந்திரிச்சா டாக்சோ, எந்திரிக்கலைன்னா லிம்போமாவா இருக்கும்னு பெரிய டாக்டர் சொல்லுவாரு. அதுக்கு மேல சொல்ல அவருகிட்டயும் ஒண்ணுமில்லை. கரண்டு (கதிர்வீச்சு) வச்சாலும் ரெண்டு மூணு மாசம்.

இந்தியாவுல முதல் எச்.ஐ.வி. ரத்தத்தைக் கண்டுபிடிச்சதே நம்ம சென்னையில, 1986-ல. டாக்டர் சுனிதி சாலமனும் அவங்ககிட்ட படிச்ச நிர்மலாவும். நிர்மலா ரத்த மாதிரிகளைத் தூக்கிக்கிட்டு வேலூருக்கு ரயில்ல போய் டெஸ்ட் பண்ணாங்க. ஆனா கூட்டு மருந்து இலவசமா வந்தது 2004 ஏப்ரல்ல. நடுவுல பதினெட்டு வருசம். 1996-லயே வெளிநாட்டுல கூட்டு மருந்து வந்து ஜனங்க பிழைச்சாச்சு, இங்க காசிருக்கிறவங்க மட்டும் வாங்கினாங்க. நான் கண்ணை மூடிவிட்ட பேருங்க எத்தனைன்னு கணக்கு வைக்கலை.

தூக்கம் வரலைன்னா இப்படித்தான் எழுதுவேன். தங்கச்சி, உன் அண்ணன் எப்படி இருக்கான்?

வைகைக்கரை | 12 பிப்ரவரி, இரவு 9:05

டெக்ஸாவைக் குறைச்சு 10-ஆம் தேதியோட நிறுத்திட்டாங்க அக்கா. வலிப்பு மாத்திரை மாத்தியாச்சு. கிரிப்டோ டெஸ்டு இல்லைன்னு வந்தது, இன்னியிலிருந்து கூட்டு மருந்து திரும்ப ஆரம்பிச்சிருக்கு. ஏன் இத்தனை நாள் தள்ளிப் போட்டாங்கன்னு எனக்குக் கோவம்.

மரநிழல் | 12 பிப்ரவரி, இரவு 10:40

கோபம் வேண்டாம். மூளைச்சவ்வில் டி.பி.யோ கிரிப்டோகாக்கஸோ இருக்கும்போது அவசரமாகக் கூட்டு மருந்தைத் தொடங்கினால், திரும்பி வரும் எதிர்ப்பு சக்தியே மூளையை வீங்கவைத்து ஆளைக் கொன்றுவிடும். அங்கே சில வாரங்கள் பொறுப்பார்கள். லிம்போமாவிலும் டாக்சோவிலும் அப்படி நெடுநாள் தள்ள வேண்டியதில்லை, சீக்கிரம் தொடங்குவதே நல்லது. எந்த வீட்டில் இருக்கிறோம் என்று தெரிந்த பிறகு கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

வைகைக்கரை | 20 பிப்ரவரி, மாலை 6:44

இன்னிக்கு ரெண்டாவது எம்.ஆர்.ஐ. 5.1 செ.மீ. பாலத்தைத் தாண்டி வலது பக்கமும் போயிடுச்சு.

பேச்சு திரும்பப் போச்சு. என்னைப் பாத்து அம்மா பேரைச் சொல்றான்.

பழையசோறு | 20 பிப்ரவரி, இரவு 7:01

அம்மாடி. சாப்பிட்டியா நீ?

வைகைக்கரை | 23 பிப்ரவரி, இரவு 10:30

பயாப்ஸி எழுதிட்டாங்க. ஆனா தேதி தள்ளிக்கிட்டே போகுது. முதல்ல ஆபரேஷன் தியேட்டர் இல்லைன்னாங்க. அப்புறம் ஒருத்தரு "பாசிட்டிவ் கேஸ், லிஸ்ட்ல கடைசியிலதான் வைக்க முடியும், அன்னிக்கு நேரமாச்சுன்னா அடுத்த வாரம்"னாரு. கட்டில்ல சிவப்பு மார்க்கர்ல எழுதி வேற ஒட்டிட்டாங்க. பக்கத்துக் கட்டில்காரங்க இப்ப எங்ககிட்ட பேசுறதில்லை.

டாக்சோ மருந்தை இன்னும் பத்து நாள் பாக்கலாமே, தலையில ஓட்டை போட்டு எதுக்கு வம்புன்னு சித்தப்பா வேற.

மரநிழல் | 23 பிப்ரவரி, இரவு 11:12

சித்தப்பாவுக்கு: பதினைந்து நாளுக்கு மேல் சரியான மருந்து கொடுத்தும் கட்டி வளர்ந்திருக்கிறது. டாக்சோ என்றால் இதற்குள் சுருங்கத் தொடங்கியிருக்க வேண்டும். இனி காத்திருப்பது நோய்க்கு வாய்தா கொடுப்பது. "ஓட்டை" என்பது விரல் நுழையாத சின்னத் துளை. தலையில் ஒரு சட்டம் மாட்டி, படத்தைப் பார்த்து இடத்தைக் கணக்கிட்டு, மெல்லிய ஊசியை விட்டு நூல் போன்ற திசுவை எடுப்பார்கள். ரத்தக்கசிவு ஆபத்து உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திசு இல்லாமல் கீமோ கொடுக்க யாரும் துணிய மாட்டார்கள். முழுக் கட்டியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் இந்த நோய்க்குத் தேவையில்லை, அதனால் பயனும் இல்லை.

ராத்திரி டியூட்டி | 24 பிப்ரவரி, அதிகாலை 2:05

அந்தச் சிவப்பு எழுத்தை நாளைக்குக் காலையில கிழிச்சுப் போடச் சொல்லு. 2017-ல எச்.ஐ.வி. சட்டம் வந்தாச்சு, 2018 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு. ஒருத்தரோட பாசிட்டிவ் நிலையை இப்படி வெளிய தெரியற மாதிரி போடக் கூடாது, வைத்தியத்துல ஒதுக்கவும் கூடாது. வேலை பாக்குறவங்களுக்கு ஊசி குத்திட்டா தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு 28 நாள் சாப்பிடணும், எங்க வார்டுலயே இருக்கும். நானே ஒரு தடவை சாப்பிட்டிருக்கேன். யாரு தலைமாட்டுல எழுதியிருந்தாலும் இல்லாட்டியும் கையுறை போட்டுத்தான் தொடணும். பாசிட்டிவ்னு தெரியாதவங்க எத்தனை பேரு வர்றாங்க!

சண்டை போடாதே. ஏ.ஆர்.டி. சென்டர் கவுன்சிலரைக் கூட்டிக்கிட்டு ஆர்.எம்.ஓ.கிட்ட (ஆஸ்பத்திரியைப் பாத்துக்கிற டாக்டர்) போ. அவங்க போன் பண்ணினா தேதி கிடைக்கும். எச்.ஐ.வி. உதவிக்கு 1097 இலவச எண் இருக்கு, அதையும் எழுதி வச்சுக்க.

வைகைக்கரை | 27 பிப்ரவரி, இரவு 8:18

கவுன்சிலர் அக்கா வந்தாங்க. சிவப்பு எழுத்து போயிடுச்சு. நேத்து பயாப்ஸி முடிஞ்சுது, லிஸ்ட்ல ரெண்டாவதா. தலையில ஒரு தையல் மட்டும்தான்.

வைகைக்கரை | 9 மார்ச், மதியம் 3:33

லிம்போமா. பெருசா எழுதியிருக்காங்க, "டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்". கீழ "ஈபர் பாசிட்டிவ்"னு இருக்கு.

அம்மா கேக்குறாங்க, எச்சில் வழியா வர்ற வைரஸ்னா தட்டு டம்ளரைத் தனியா வைக்கணுமான்னு.

சோதனைக்குழாய் | 9 மார்ச், மாலை 4:10

ஈபர்னா கட்டி செல்லுக்குள்ள எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்குன்னு காட்டுற சாயம். அம்மாகிட்ட சொல்லுங்க, அந்த வைரஸ் அவங்களுக்கு உங்க அண்ணன் பிறக்குறதுக்கு முன்னாடியே வந்திருக்கும். தட்டைத் தனியா வைக்க வேணாம். கேன்சரும் ஒட்டாது.

மரநிழல் | 9 மார்ச், இரவு 9:55

வருந்துகிறேன். இப்போதாவது பெயர் தெரிந்துவிட்டது. முன்பு "அப்புறம் வருகிறேன்" என்றேன் அல்லவா, இப்போது வருகிறேன்.

மேலே செவிலி அக்கா சொன்ன "ரெண்டு மூணு மாசம்" உண்மை. கூட்டு மருந்து இல்லாத காலத்தின் உண்மை. அந்தக் கணக்கை இன்னும் பல மருத்துவர்கள் தலையில் சுமந்துகொண்டு "வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்கிறார்கள். கூட்டு மருந்தோடு மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்தை அதிக அளவிலும், முடிந்த இடத்தில் ரிடுக்ஸிமாபும் சேர்த்துக் கொடுத்தவர்களில் ஆண்டுக்கணக்கில் நோயில்லாமல் இருப்பவர்கள் உண்டு. எல்லோரும் அல்ல. சிடி4 23, கட்டி பெரியது, உங்கள் அண்ணன் படுக்கையில் இருக்கிறார். இவையெல்லாம் எதிர்த்தட்டில் உள்ள எடைகள். ஆனால் முயலாமல் விடும் நோய் அல்ல இது.

தொடங்கும் முன் வேறெங்கும் லிம்போமா இருக்கிறதா என்று நெஞ்சு, வயிறு ஸ்கேன் எடுப்பார்கள். ஆண் என்பதால் விதைப்பையையும் பார்ப்பார்கள். கண் மருத்துவர் விளக்கு வைத்துக் கண்ணின் உள்ளே பார்ப்பார், கண்ணுக்குள்ளும் இது ஒளிந்துகொள்ளும். மஞ்சள் காமாலை பி பரிசோதனை கட்டாயம், ரிடுக்ஸிமாப் அதைத் தட்டி எழுப்பிவிடும்.

எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மெத்தோட்ரெக்ஸேட் ஏற்றும் நாள்களில் செப்ட்ரான் கூடாது. இரண்டும் ஒரே ஃபோலேட் பாதையை அடைப்பவை, மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறுவதையும் அது தாமதிக்கும். ரத்த அணுக்கள் சரிந்துவிடும். செப்ட்ரான் செய்யும் நிமோனியா தடுப்புக்கு வேறு மருந்து தருவார்கள். எச்.ஐ.வி. வார்டும் கேன்சர் வார்டும் வேறு வேறு கட்டடத்தில் இருக்கும் ஊர் நம் ஊர். இவர்கள் எழுதியது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு சீட்டையும் இரண்டு இடத்திலும் காட்டும் வேலை உங்களுடையது. கூட்டு மருந்தில் உள்ள டெனோபோவிர் சிறுநீரகத்தைத் தொடக்கூடியது. அதை அபாகாவிராக மாற்றலாமா என்று ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் கேளுங்கள். டிக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் பான்டோபிரசோலும் அந்த நாள்களில் வேண்டாம்.

கரும்புச்சோலை | 10 மார்ச், காலை 11:20

என் வீட்டுக்காரருக்கு வயித்துல பர்கிட் லிம்போமா, அவரும் பாசிட்டிவ். ஒருநாள் ஷேவ் பண்ணும்போது "தாடை மரத்துப்போச்சு, பிளேடு பட்டதே தெரியலை"ன்னாரு. பல்லு டாக்டர்கிட்ட போயி ரெண்டு பல்லைப் பிடுங்கினதுதான் மிச்சம். கடைசியில நோய் நரம்பு வழியா மூளைச்சவ்வுக்குப் போயிருந்துச்சு. அது மூளையிலேயே ஆரம்பிக்கிற இந்த வகை இல்லை, வேற இடத்துல இருந்து போறது. முதுகுல நேரடியா கீமோ போட்டாங்க. ஆறு வருசமாச்சு, ஆளு நல்லா இருக்காரு. பாசிட்டிவ் ஆளுக்குத் தாடை மரத்தாலோ முகம் ஒரு பக்கம் கோணினாலோ பல்லைப் பிடுங்காதீங்க, அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

ஊர்சுத்தி | 10 மார்ச், மாலை 7:15

கீமோவெல்லாம் தாங்குவாரா? பேசாம கரண்டு வச்சுட்டா சுலபம்தானே? எங்க மாமாவுக்கு தொண்டையில கரண்டு வச்சே சரியாச்சு.

மரநிழல் | 10 மார்ச், இரவு 10:02

தொண்டை வேறு. இந்த நோய்க்கு மூளை முழுவதற்கும் வைக்க வேண்டும். கட்டி சுருங்கும், சில மாதங்கள் கழித்துத் திரும்பும். திரும்பாமல் நீண்ட நாள் வாழ்பவருக்கு நினைவு மங்குவது, நடை தடுமாறுவது, சிறுநீர் அடங்காமல் போவது என்று வேறு வரிசை தொடங்கும். 41 வயதுக்காரருக்கு அதை முதல் தேர்வாக வைக்க எனக்கு மனமில்லை. சிறுநீரகம் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தாங்காவிட்டால், அல்லது தலைவலியையும் வாந்தியையும் குறைப்பதே குறிக்கோள் என்றால், அப்போது கரண்டு கைகொடுக்கும்.

வைகைக்கரை | 21 மார்ச், இரவு 9:40

முதல் மெத்தோட்ரெக்ஸேட் முடிஞ்சுது. முதல்வர் காப்பீட்டுல போட்டிருக்காங்க. மஞ்சளா ஒரு பாட்டில், பாத்தா எலுமிச்சை ஜூஸ் மாதிரி. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் குளுக்கோஸும் சோடாபைகார்பும் ஓடிக்கிட்டே இருக்கு. மதினிக்கும் எனக்கும் வேலை என்னன்னா மூத்திரத்தை அளவு ஜாடியில பிடிச்சு நோட்டுல எழுதுறது. ஒவ்வொரு தடவையும் பட்டையை முக்கி கலர் பாக்கணும், பி.எச். 7-க்கு மேல இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு 6.5 காட்டுச்சு, ஓடிப்போய் சிஸ்டரை எழுப்பினேன். 24 மணி நேரம் ஆனதும் அந்த மருந்தோட கெடுதலை முறிக்க லூக்கோவோரின் ஊசி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

கேன்சர் வார்டுல செப்ட்ரானை மறுபடி எழுதிட்டாங்க. பழைய சீட்டைப் பாத்து எழுதினதாம். நான் டாக்டர் எழுதினதை நோட்டுல எழுதி வச்சிருந்தேன், காட்டினேன். அடிச்சுட்டாங்க.

ராத்திரி டியூட்டி | 22 மார்ச், அதிகாலை 4:00

சபாஷ்டி.

வைகைக்கரை | 19 ஏப்ரல், மாலை 6:25

மூணாவது டோஸ் முடிஞ்சுது. நடுவுல வாய்ப்புண்ணு வந்து ஒரு வாரம் தள்ளிப் போச்சு, கஞ்சி மட்டும்தான். எம்.ஆர்.ஐ-ல கட்டி 1.8 செ.மீ. டெக்ஸா ரெண்டு மாசமா இல்லை, அதனால இது பேய் இல்லைன்னு டாக்டரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. சிடி4 61. கை இன்னும் முழுசா வரலை, பேச்சு வருது, சில வார்த்தைக்கு மட்டும் தேடுறான்.

நேத்து கக்கூஸ்ல இருந்து பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன், நின்னுட்டான். தரையையே பாக்குறான். திரும்ப வலிப்பு வருதோன்னு எனக்குப் பதறிப்போச்சு. "வாட்டம் தப்பா வச்சிருக்கான், தண்ணி இந்தப் பக்கம் தேங்கும் பாரு. மூணாவது வரிசையில ரெண்டு டைல்ஸ் திருப்பி ஒட்டியிருக்கான்"னான். குனிஞ்சு பாத்தேன். ஆமா, பூ திரும்பித்தான் இருக்கு. தண்ணியும் அங்கதான் நிக்குது.

ஒரு கேள்வி லேப் அண்ணனுக்கு. அடுத்த டோஸ் வெள்ளிக்கிழமை அட்மிஷன்னு சொல்றாங்க. போன தடவை அப்படித்தான் சேர்ந்தோம், ஞாயித்துக்கிழமை ரத்தத்துல மெத்தோட்ரெக்ஸேட் லெவல் பாக்க ஆளில்லை, ஒரு நாள் சும்மா கிடந்தோம். என்ன செய்யலாம்?

சோதனைக்குழாய் | 19 ஏப்ரல், இரவு 7:50

வெள்ளிக்கிழமை வேணாம்னு சொல்லுங்க. ஞாயிறு சாயங்காலமே போயி படுத்து, ராத்திரி பூரா குளுக்கோஸ் ஓடட்டும். திங்கள் காலையில மருந்து ஏத்தினா 24, 48, 72 மணி நேர ரத்தம் செவ்வாய், புதன், வியாழன்ல விழும். லெவல் இறங்கலைன்னாலும் வெள்ளி, சனி கையில இருக்கும். ரத்தம் எடுத்த நேரத்தைக் குழாய் மேலயே எழுதச் சொல்லுங்க. நேரம் இல்லாம வந்தா எங்களால அந்த எண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.